டார்னெய்ட்டில் ஒரு சின்னப் பூரிம்

சின்னப் பூரிம் என்ற யூதப் பண்டிகையை நான் முதன்முதலில் கொண்டாடியது பிழையாகத்தான். மகளுக்கு அப்போது ஏழு வயது நடந்துகொண்டிருந்தது. என் சிவப்புப் பட்டுச் சீலையை மடித்து மடித்து அவளுக்குக் கட்டி, தலையில் தங்க மட்டையில் வெட்டிய கிரீடம் வைத்து, பள்ளிக்கூடத்துக்கும் என் வேலைக்கும் லீவு சொல்லி, இருபது பலகாரப் பைகளோடு காரில் ஏற்றினேன். நாங்கள் இருக்கிற டார்னெய்ட்டிலிருந்து மாமி வீடு மெல்பனின் மற்றத் தொங்கலில். ஒன்றேகால் மணிநேர ஓட்டம். மாமி கதவைத் திறந்து மகளைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்றைக்கு என்ன?" என்று கேட்டார்.

மாமி என்றால் என் கணவரின் தாய். அவர்கள் யூதக் குடும்பம். நான் யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளை. இருபது வயதில் இங்கே வந்து, இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் ஊசி குத்துகிற வேலை பார்க்கிறவள். முதன்முதலில் அவரைச் சந்தித்தபோது மரியாதையாக "மாமி" என்று கூப்பிட்டேன். அவருடைய காதில் அது "மம்மி" என்று விழுந்துவிட்டது. திடுக்கிட்டுப்போய், "இவ்வளவு சீக்கிரமாகவா?" என்று மகனைக் கேட்டார். எங்கள் உறவு அப்படித் தொடங்கியது.

பிழை நடந்தது கலண்டரால். மாமி வீட்டுக் குசினியில், இறைச்சிக்கடைக்காரர் கொடுத்த கலண்டர் ஒன்று பிரிட்ஜில் ஒட்டியிருக்கும். இங்கிலீஷ் தேதிக்குப் பக்கத்தில் எபிரேய மாதம், பண்டிகை, விளக்கேற்றும் நேரம் எல்லாம் அதில் உண்டு. நல்ல நாள், கெட்ட நேரம், எந்தத் திசையில் சூலம் என்று கலண்டரைப் பார்த்து வாழ்ந்த வீட்டில் வளர்ந்தவள் நான். அச்சடித்திருந்தால் நம்புவேன். வேஷமும் பலகாரப் பையும் என்று கணவர் சொல்லக் கேட்டிருந்த பூரிம் என்ற சொல்லைக் கண்டதும் படம் எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் "கட்டான்" என்று இன்னொரு சொல் இருந்தது. நல்லூரான், கதிர்காமத்தான் மாதிரி ஏதோ மரியாதைப் பெயர் என்று நினைத்துவிட்டேன். கணவரைக் கேட்டதற்கு, கலண்டரில் இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்றார். அவர் பௌதிகம் படிப்பிக்கிற ஆசிரியர். சந்திரனைப் பற்றி எல்லாம் தெரியும், சந்திரனை வைத்துப் போடுகிற கலண்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மச்சாள், அதாவது கணவரின் தங்கை, அன்றைக்கு அங்கே நின்றாள். கிரீடத்தைக் கண்டதும் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விளங்கப்படுத்தினாள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அவர்களுடைய ஆண்டில் ஒரு மாதம் கூடுதலாக வரும். அந்த ஆண்டில் அதார் என்ற மாதம் இரண்டு தரம். பிள்ளைகள் வேஷம் போட்டு, வீட்டுக்கு வீடு சாப்பாட்டுப் பை கொடுத்து, ராணி ஒருத்தி தன் சனத்தைக் காப்பாற்றிய கதையைச் சத்தமாக வாசிக்கிற பெரிய பூரிம் இரண்டாவது அதாரில். முதலாவது அதாரில் அதே தேதி வெறுமனே போகக்கூடாதே என்று அதற்கும் ஒரு பெயர்: சின்னப் பூரிம். கட்டான் என்றால் சின்னது.

"அப்ப இன்றைக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் செய்யத் தேவையில்லை. விரும்பினால் கொஞ்சம் கூடச் சாப்பிடலாம்," என்றாள்.

இருபது பையையும் பார்த்தோம். மாமி என் சமையலைச் சாப்பிடமாட்டார். என் சட்டி பானை அவர்களுடைய சுத்த விதிக்குள் வராது. அதை நான் ஒருநாளும் குறையாக எடுத்ததில்லை. மீன், இறைச்சி என்று மச்சம் சமைத்த சட்டியில் விரதச் சோறு வைக்காத வீட்டில் பிறந்தவளுக்கு அது விளங்காதா? என் வீட்டுக்கு வந்தால் தோல் உரித்துத் தின்கிற வாழைப்பழம் சாப்பிடுவார், கண்ணாடிக் கிளாசில் கறுப்புத் தேத்தண்ணி குடிப்பார். மாமியின் தெருவில் அந்த விதி பார்க்காத வீடுகளுக்கென்று கட்டிய பைகள், பண்டிகை இல்லாத நாளில் வாங்க ஆளில்லை, அவ்வளவுதான். ஆனால் மாமி என் மகளின் கன்னத்தைத் தடவி, நழுவின சீலையை ஏற்றிவிட்டு, "நெபஹ்" என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். அது யித்திஷ் மொழிச் சொல், ஒருவருக்காக மனம் இரங்கும்போது சொல்வது என்றார். சீலையோடு சோபாவில் கிடந்த மகள், "ஓ, பாவம்!" என்று தமிழ்ப்படுத்தினாள். அவளுக்கு அந்த நேரம் தமிழில் ஐம்பது சொல்கூடத் தெரியாது. அதில் ஒன்று பாவம்.

எங்கே படித்தாள் என்று எனக்குத் தெரியும். வெரிபீயில் என் அக்கா வீட்டில். அங்கே பிறந்தநாள், பூசை எதற்குப் போனாலும் ஒரு அன்ரி அவளுடைய தாடையைப் பிடித்து, "வடிவான பிள்ளை. பாவம்," என்பார். கோயிலில் அவளுடைய பெயருக்கு அர்ச்சனைத் துண்டு வாங்கப்போனால், தகப்பன் பெயரைக் கேட்டுவிட்டு, "ஓ..." என்று ஒரு இழுவை. யூதர்களிடம் பிள்ளை தாய் வழி. எங்களிடம் தகப்பன் வழி. ஆகவே இரண்டு பகுதியும் என் மகளை மற்றப் பகுதிக்குக் கைகாட்டிவிட்டு, நின்று பாவம் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமியின் ஆலயத்துக் குரு, ரப்பாய் என்பார்கள், நல்ல மனிதர். ஒருநாள் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு, வழி இருக்கிறது என்றார். வீட்டை அவர்களுடைய முறைக்கு மாற்றி, பிள்ளை படித்து, மூன்று பேர் முன்னிலையில் நீரில் மூழ்கி எழுந்தால் அவளும் யூதப் பிள்ளை. வளர்ந்தபிறகு அவளாக விரும்பிப் போய் மூழ்கினால் நானே துவாயோடு கரையில் நிற்பேன் என்றேன். ஆனால் சரியாகப் பிறந்த பிள்ளையை நான் திருத்தக் கொடுக்கமாட்டேன். அவர் கோபிக்கவில்லை. மாமிதான் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. போகட்டும் என்று நானும் கதைக்கவில்லை. அந்தப் பூரிம் ராணி கட்டியது வேற்று மதத்து அரசனைத்தான். அவளுக்கு வருடாவருடம் ஆட்டமும் பாட்டும், எங்கள் வீட்டு வாசலில் மட்டும் பெருமூச்சா? இதை ஒருமுறை சாப்பாட்டு மேசையில் கேட்டும்விட்டேன். கணவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

ஒன்றும் செய்யத் தேவையில்லாத பண்டிகை என்ற பேச்சு மட்டும் எனக்குள் நின்றுவிட்டது. விதி இல்லை என்றால் பிழை விட முடியாது. பிழை விட முடியாது என்றால் ஒருவரும் வந்து திருத்த முடியாது. அதைவிட எனக்குத் தோதான நாள் வேறு எங்கே கிடைக்கும்? மூன்று வருடம் கழித்து மறுபடி மாதம் இரட்டித்தபோது நாங்கள் மூன்று பேரும் வீட்டிலேயே கொண்டாடினோம். மகள் ராணி வேஷம் வேண்டாம் என்று டைனோசராக வந்தாள். பலகாரப் பைகளை எங்கள் தெருவுக்குக் கொடுத்தோம். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மா, இது என்ன விசேஷம் என்று கேட்டார். "சின்னது," என்று மகள் சொன்னாள். அவர் வேறு ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு டப்பா லட்டுவைத் திருப்பித் தந்தார்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து மகளுக்குப் பன்னிரண்டு வந்தது. யூதப் பெண்பிள்ளைக்குப் பன்னிரண்டு பெரிய வயது. அன்றையிலிருந்து அவள் பெரியவர்களில் ஒருத்தி. குடும்பத்துக்கு முன்னால் எழுந்து நின்று தான் படித்ததைப் பற்றிப் பேசுவாள். மச்சாளின் மகளுக்கும் அதே வருடம். ஆலயத்து மண்டபத்தில் இருநூறு பேருக்கு முன்னால் அந்தப் பிள்ளை வெள்ளைச் சட்டையோடு நின்று பேசியது. மாமி முதல் வரிசையில் இருந்து ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினார். என் மகள் மூன்றாவது மேசையில் இருந்து மற்ற எல்லாரையும்விடக் கூடக் கைதட்டினாள். வீட்டுக்கு வருகிற வழியில், "எனக்கு எப்போது?" என்று கேட்டாள். கணவர் ரேடியோச் சத்தத்தைக் கூட்டினார். நான் அதை நிறுத்தினேன்.

"உனக்கும் இருக்கு," என்றேன். "எங்கள் வீட்டில். சின்னப் பூரிமில்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நானும் பேசுவேன். பூபா வந்து இருந்து கேட்க வேண்டும். பூபா வராவிட்டால் எனக்கு ஒன்றும் வேண்டாம்." பூபா என்பது அவள் தன் அப்பம்மாவைக் கூப்பிடுகிற பெயர்.

இதுதான் சிக்கல். அந்த வருடம் சின்னப் பூரிம் வெள்ளிக்கிழமையில் விழுந்தது. வெள்ளி பொழுதுபட அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதற்குள் மாமி வீட்டில் விளக்கேற்றியாக வேண்டும். எண்பதை எட்டிக்கொண்டிருக்கிற மனுஷி, கார் ஓட்டமாட்டார். மச்சாள்தான் எங்கும் ஏற்றி இறக்குவாள். நான் போன் எடுத்தேன்.

"வெள்ளி பின்னேரம் உங்கள் பக்கம் வருகிற பாலத்தில் கார் அசையாது," என்றாள் மச்சாள். "அதோடு நாள் பிழை. அவள் பிறந்தது அதார் ஒருதரம் மட்டும் வந்த வருடத்தில், பெரிய பூரிம் அன்று. அப்படிப் பிறந்தவர்களுக்கு இரட்டை மாதம் வருகிற வருடத்தில் பன்னிரண்டு நிறைவது இரண்டாவது அதாரில்தான். சட்டம் அது. அடுத்த மாதம் ஏதாவது சின்னதாகச் செய்."

"உங்கள் சட்டத்தில் அவள் யூதப் பிள்ளையா?"

"உனக்கே தெரியும்."

"அவளைச் சேர்க்காத சட்டம் அவளுடைய பிறந்தநாளை மட்டும் எப்படி அடுத்த மாதத்துக்குத் தள்ளும்?"

உன்னோடு கதைக்க முடியாது என்று வைத்துவிட்டாள்.

வெரிபீக்கு எடுத்தேன். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"மாசம் ரெண்டுதரம் வருதெண்டோ சொல்லுறாய்?"

"ஓம்."

"அப்ப அது மலமாசமெல்லோ! ஒரு மாசத்துக்கை ரெண்டு அமாவாசை வந்தாலே நாங்கள் நல்ல காரியம் வைக்கிறேல்லை. நீ இரட்டிச்ச மாசத்திலை போய்ப் பிள்ளைக்கு விசேஷம் வைக்கப் போறாய். விசரே உனக்கு? அடுத்த மாசம் வையன்."

கலியாணம் முடித்துப் பதினான்கு வருடத்தில் இரண்டு குடும்பமும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "அந்த வெள்ளிதான் அக்கா. வாறியெண்டால் வா," என்றேன்.

மாமியிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். நாள் சரியா, சட்டம் என்ன என்று நான் கேட்க வரவில்லை. உங்கள் பேத்தி பேசப் போகிறாள், நீங்கள் இல்லாவிட்டால் பேசமாட்டாள், நாலு மணிக்கு வந்தால் ஐந்தரைக்கு வெளிக்கிட்டு, பொழுதுபட முதல் உங்கள் மகன் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். மாமி கிளாசைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "பார்க்கலாம்," என்றார். எங்கள் குடும்பத்தில் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். அவர்கள் குடும்பத்திலும் அப்படித்தான்.

வராவிட்டால் வராமல் இருக்கட்டும் என்று கணவரிடம் உரத்துச் சொன்னேன். அது பொய். அந்தக் கிழமை முழுக்க வேலையில் ஆட்களின் நாளத்தைத் தேடும்போதும் மாமி வருவாரா வரமாட்டாரா என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. மகள் தினமும் பள்ளியால் வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். பார்க்கக் கேட்டால் தாளைக் கவிழ்த்துவிடுவாள். காலையில் தலை வாரி இழுத்துவிடும்போது கண்ணாடியில் அவளைப் பார்ப்பேன். பின்னின தலையை அவிழ்த்து இன்னொருதரம் பின்னுவேன்.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். முற்றத்தில் கதிரைகள் போட்டோம். கூட்டிப்போக நான் வரட்டுமா என்று முதல்நாள் கணவர் மாமியைப் போனில் கேட்டதற்கு, நீ உன் வேலையைப் பார் என்று தாய் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு யாருக்கும் நம்பிக்கை இல்லை. மூன்றேமுக்காலுக்கு அக்காவும் அத்தானும் வந்தார்கள். மலமாதத்துக்குப் பரிகாரமாக அக்கா ஒரு தேசிக்காயைக் கொண்டுவந்து வாசல்படியில் வைத்தாள். "நான் வெள்ளி விரதம், ஒண்டும் சாப்பிடேன்," என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பஞ்சாபி அம்மா வந்தார். மகளின் பள்ளித் தோழிகள் இரண்டு பேர் வந்தார்கள். நாலு மணி. நாலே கால். மகள் தாளைச் சுருட்டிப் பின்பொக்கெட்டுக்குள் வைத்தாள்.

அந்த நேரம் வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. மாமி இறங்கினார். தொப்பி, நல்ல சட்டை, கையில் தன் சொந்தக் கிளாஸ் சுற்றிய பை. மச்சாளுக்குச் சொல்லாமல் ரயில் எடுத்து, நகரத்தில் மாறி, டார்னெய்ட் ஸ்டேஷனில் இறங்கி வந்திருக்கிறார். "ரயில் முழுக்க உன்னைப்போன்ற ஆட்கள்," என்றார் என்னிடம். "ஒருத்தி எழும்பி இடம் தந்தாள். என்னை அன்ரி என்றாள்." அது அவருக்குப் பிடித்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. நாள் பிழை என்று அவர் சொல்லவில்லை. ஒரு கதிரையை இழுத்து எல்லாருக்கும் முன்னால் போட்டு இருந்துகொண்டார்.

மகள் தாளை வெளியே எடுத்துக்கொண்டு எழும்பினாள். இங்கிலீஷில்தான் பேசினாள்.

"சின்னப் பூரிமில் செய்ய ஒன்றுமில்லை என்று எல்லாரும் சொன்னீர்கள். நான் தேடிப் பார்த்தேன். செய்யக்கூடாதவை இருக்கின்றன. ஒன்று, இன்றைக்கு விரதம் இருக்கக்கூடாது." அக்காவைப் பார்த்தாள். அத்தான் சிரித்தார். "மற்றது, இரங்கல் பேச்சுப் பேசக்கூடாது. செத்தவர்களைப் பற்றிக்கூட இன்றைக்கு அழுது பேசத் தடை. நான் சாகவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்படியென்றால் என்னைப் பற்றியும் தடை."

மாமி முன்னுக்குச் சாய்ந்தார்.

"என்னைக் கண்டால் எல்லாரும் ஒரு சொல் சொல்வீர்கள். பூபா நெபஹ் என்பார். பெரியம்மா வீட்டில் இன்னொரு சொல். எனக்கு இரண்டு பக்கமும் இல்லை என்று நினைக்கிறீர்கள். எனக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறது, அதுவே எனக்குச் சாட்சி. இனி அதைச் சொல்லாதீர்கள்."

"என்னவாம் சொல்லுறாள்?" என்று அக்கா கேட்டாள்.

மகள் தமிழுக்கு மாறினாள். "என்னைப் பாவம் எண்டு சொல்லக்கூடாது பெரியம்மா. நொட் அலவ்ட்."

அக்கா வாயில் கையை வைத்தாள். மாமியின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பன்னிரண்டு வருடமாக நான் தொண்டை கிழியக் கத்தியதை என் பிள்ளை நாலு வரியில் சொல்லிவிட்டாள். எல்லாருக்கும் முதல் நான் கைதட்டினேன். தட்டிக்கொண்டே மாமியைப் பார்த்தேன், அக்காவைப் பார்த்தேன். கேட்டுதா என்று கண்ணாலேயே கேட்டேன்.

"அம்மா, நான் இன்னும் முடிக்கவில்லை," என்றாள் மகள்.

தட்டிய கையை இறக்கினேன்.

"நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. ஆனால் எனக்காக யாரோடாவது சண்டைக்குப் போகும் முன்னம் ஒருமுறை திரும்பி என்னைப் பார்ப்பீர்கள். காலையில் கண்ணாடியிலும் பார்ப்பீர்கள். அதுவும் அந்தச் சொல்தான் அம்மா. எல்லாரையும்விட நீங்கள்தான் கூடச் சொல்கிறீர்கள்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். யாரோடு சண்டை பிடிப்பது? அவள் சொன்னது உண்மை. சரியாகப் பிறந்த பிள்ளை என்று ஊரெல்லாம் வாதாடிய நான், வீட்டுக்குள் அவளை அடிபட்ட பிள்ளையைப்போலப் பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"பாருங்கள்," என்றாள்.

எந்த முகத்தோடு பார்ப்பது என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருடமாகப் பழகிய ஒரு பார்வையைத் தவிர என்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை. நிமிர்ந்தேன். மாமி கதிரையிலிருந்து திரும்பி, நான் என்ன செய்யப் போகிறேன் என்று கவனித்துக்கொண்டிருந்தார். மகள் காத்துக்கொண்டு நின்றாள். நீல ஜீன்ஸ், பல்லுக் கம்பி, வெயிலில் சுருங்கிய கண், கையில் ஒரு தாள். மேலிருந்து கீழாக, ஒரு இடமும் விடாமல், முழுதாகப் பார்த்தேன். ஒரு குறையும் இருக்கவில்லை.